பி9_23 எப்போதும் 0 காட்டினால்: பீகிள்போன் பிளாக்கில் இன்புட் பின்னைச் சரிபார்ப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். பீகிள்போன் பிளாக் என்ற, லினக்ஸ் ஓடும் சிறு கணினி போர்டில் பி9_12 இல் (பி9 ஹெடரின் 12 ஆம் பின்) ஒரு புஷ் பட்டன், அதன் மறுமுனை கிரவுண்டில். அது ஒழுங்காக வேலை செய்கிறது. அதே வயரிங்கில் பி9_23 இல் கதவுக்கு ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் சுவிட்ச்). கதவு திறந்தாலும் மூடினாலும் 0 மட்டுமே வருகிறது. பின்னை இன்புட்டாக அமைத்தாயிற்று, புரோகிராமில் பின்னின் பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை, சுவிட்சையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பின் எரிந்துவிட்டதா, வேறு போர்டு வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் போர்டு, சுவிட்ச், புரோகிராம் மூன்றுமே நன்றாக இருக்கின்றன. வித்தியாசம் அந்த இரண்டு பின்களிலும் இருக்கிறது. பி9_12 போர்டு எழும்போதே உள் புல்-அப்புடன் (சிப்புக்குள்ளிருந்தே பின்னை 3.3 வோல்ட்டுக்கு மெல்ல இழுப்பது) எழுகிறது, பி9_23 உள் புல்-டவுனுடன் (கிரவுண்டுக்கு இழுப்பது) எழுகிறது. கிரவுண்டுக்கு இழுக்கும் சுவிட்சை ஏற்கெனவே கிரவுண்டுக்கு இழுபட்டிருக்கும் பின்னில் போட்டால், மூடியிருந்தாலும் 0, திறந்திருந்தாலும் 0. மாறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டதும் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு வேலையை முடித்துவிடலாம். ஆனால் இன்னொரு நாள் இன்னொரு பின்னில் வேறு விதமாக மாட்டிக்கொள்வீர்கள், அதனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சிப் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலானோர் ராஸ்பெரி பையில் பழகிவிட்டு இங்கே வருகிறார்கள், அந்தப் பழக்கம் இங்கே சரிப்படாது. ராஸ்பெரி பையின் பழைய சிப்களில் ஒவ்வொரு பின்னுக்கும் 3 பிட் கொண்ட ஒரே ஒரு தேர்வு இருக்கிறது. இன்புட், அவுட்புட், மற்ற மாற்று வேலைகள் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான். ஆகவே லைப்ரரியில் 'இன்புட்' என்று சொன்ன மாத்திரத்தில் பின் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு இன்புட்/அவுட்புட்) ஆகவும் மாறிவிடும், இன்புட்டாகவும் ஆகிவிடும். பீகிள்போனில் இருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்3358 சிப்பில் அப்படி இல்லை. அங்கே பின்னின் பேட் (வெளிப் பின்னோடு இணையும் சிப்பின் முனை) ஒரு இடத்தில் இருக்கிறது, கண்ட்ரோல் மாட்யூலுக்குள். ஜிபிஐஓ மாட்யூல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் 'டைரக்‌ஷன் இன்' என்று எழுதுவது ஜிபிஐஓ மாட்யூலுக்குப் போகிறது. பேட் எந்த மோடில் இருக்கிறது, புல்-அப்பா புல்-டவுனா, இன்புட் பஃபர் (பின்னின் வோல்டேஜை உள்ளே விடும் வாசல்) திறந்திருக்கிறதா என்பதெல்லாம் பேடின் ரெஜிஸ்டரில் (அமைப்புகளை வைத்திருக்கும் சிப்பின் சிறு நினைவிடம்) இருக்கிறது, உங்கள் கட்டளை அதைத் தொடுவதே இல்லை. இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் இன்புட் வேலை செய்யும். ஒரு பக்கம் மட்டும் சரியாக இருந்தால் பிழைச் செய்தி கூட வராது, தவறான மதிப்பு மட்டும் அமைதியாக வந்துகொண்டிருக்கும்.

அதனால் நான் எப்போதும் சொல்வது: இன்புட் பின் தகராறு செய்தால் புரோகிராமைத் திருத்துவதற்கு முன் பேட் ரெஜிஸ்டரைப் படியுங்கள். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை விட்டுவிடுங்கள், இந்த நொடியில் சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே படிப்பது? ரூட்டாக இருந்துகொண்டு, சிஸ் கோப்புறைக்குள் கெர்னல், அதற்குள் டீபக், அதற்குள் பின்கண்ட்ரோல் என்று போங்கள். உள்ளே 44 இல் தொடங்கி நடுவில் பின்மக்ஸ் என்று வரும் ஒரு கோப்புறை இருக்கும். கெர்னல் பதிப்பைப் பொறுத்து அதன் பெயருக்குப் பின்னால் ஒட்டு ஏதாவது இருக்கலாம். அதற்குள் 'பின்ஸ்' என்ற கோப்பைக் கேட் கட்டளையால் திறந்தால் சிப்பின் எல்லாப் பேடுகளும் வரிசையாக வரும். பி9_23 அங்கே பி9_23 என்ற பெயரில் இருக்காது, பின் 17 என்று இருக்கும், முகவரி 844 என்று முடியும். பி9_12 பின் 30, முகவரி 878 என்று முடியும். கணக்கு எளிது: ஒவ்வொரு பேடுக்கும் 4 பைட், பேடுகள் ஹெக்ஸ் 800 இல் தொடங்குகின்றன, 17 ஐ 4 ஆல் பெருக்கினால் 68, ஹெக்ஸில் 44, ஆக 844. ஒரு எச்சரிக்கை, இந்த 'பின் 17' என்பது பேடின் வரிசை எண். ஜிபிஐஓ எண் வேறு. பி9_23 இன் ஜிபிஐஓ 1 ஆம் பேங்கில் (32 லைன்கள் கொண்ட தொகுதி) 17 ஆவது லைன் என்பது தற்செயலான ஒற்றுமை. பி9_12 ஐப் பாருங்கள்: பேட் 30, ஜிபிஐஓ 1 ஆம் பேங்கில் 28.

வரியின் கடைசிப் பக்கத்தில் 00000027 என்றோ 00000037 என்றோ ஒரு மதிப்பு இருக்கும். விடை அதில்தான். ஒருமுறை பிரித்துப் படித்துப் பழகிவிட்டால் பிறகு பார்த்ததும் தெரிந்துவிடும். மதிப்பு ஹெக்ஸில் இருக்கிறது, பிட்டுகளைக் கீழிருந்து 0, 1, 2 என்று எண்ணுங்கள். கீழே உள்ள 3 பிட்டுகள் மோட், 0 முதல் 7 வரை, ஜிபிஐஓவுக்கு 7. அடுத்து 3 ஆவது பிட், புல் இருக்கிறதா இல்லையா. இது தலைகீழ்: 0 என்றால் புல் உண்டு, 1 என்றால் புல் இல்லை. பலர் தவறுவது இங்கேதான். 4 ஆவது பிட் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது: 1 மேலே, 0 கீழே. 5 ஆவது பிட் இன்புட் பஃபர்: 1 என்றால் திறந்திருக்கிறது, 0 என்றால் அடைத்திருக்கிறது. 6 ஆவது வேகம் பற்றியது, இன்புட்டுக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்போது 27 ஐ எடுங்கள். பைனரியில் 0010 0111. கடைசி மூன்றும் 1, ஆகவே மோட் 7, ஜிபிஐஓ. அடுத்தது 0, புல் உண்டு. அடுத்தது 0, கீழே இழுக்கிறது. அடுத்தது 1, இன்புட் பஃபர் திறந்திருக்கிறது. பி9_23 இல் புதிதாக எழுந்த போர்டில் நீங்கள் பார்க்கப்போவது இதுதான். பி9_12 இல் 37 இருக்கும், அதாவது 0011 0111: மற்றதெல்லாம் அதே, இழுப்பது மட்டும் மேலே. புல் எதுவும் இல்லாத இன்புட் 2எஃப். இன்புட் பஃபர் அடைபட்ட, அவுட்புட்டுக்கென்று அமைத்த பேட் 07 அல்லது 0எஃப் என்று வரும். இந்த 07 ஐப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். பின்னில் 3.3 வோல்ட்டே நின்றாலும் அது உள்ளே போகாது, ஜிபிஐஓ மாட்யூலில் இன்புட் என்று எத்தனை முறை எழுதினாலும் ஒரே மதிப்புதான் வரும். இணையத்தில் கிடைக்கும் ஓவர்லேயை (போர்டு எழும்போது பின் அமைப்புகளைக் கெர்னலுக்குச் சொல்லும் துணைக் கோப்பு) காப்பி அடித்துப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, யாரோ எல்இடிக்கு எழுதியதை இவர்கள் பட்டனுக்குப் போட்டிருப்பார்கள்.

இதையொட்டி ஒன்று: இந்தச் சிப்பில் எஸ்பிஐ (மற்றச் சிப்களோடு தரவு பரிமாறும் பஸ்) மாஸ்டராக இருக்கும்போது கூட கிளாக் பின்னின் இன்புட் பஃபர் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெளியே அனுப்பும் கிளாக்கைப் பேட் வழியாகத் திரும்ப எடுத்துத்தான் உள்ளே வரும் தரவைப் படிக்கிறது. கிளாக் அவுட்புட்தானே என்று பஃபரை அடைத்துவிட்டு எஸ்பிஐயில் பூஜ்ஜியமாகவே வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வேர் இங்கேயும் அதே 5 ஆவது பிட்தான்.

அப்புறம், ரெஜிஸ்டரைப் படிக்க முடிகிறதே, டெவ்மெம் போன்ற கருவியால் அதே முகவரியில் 37 என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் பிழை எதுவும் வராது, திரும்பப் படித்தால் பழைய 27 தான் இருக்கும். கண்ட்ரோல் மாட்யூலின் இந்த ரெஜிஸ்டர்களைப் பிரிவிலேஜ்டு மோடில், அதாவது கெர்னலுக்குள்ளிருந்து மட்டுமே எழுத முடியும். யூசர் ஸ்பேஸிலிருந்து நீங்கள் ரூட்டாகவே இருந்தாலும் அந்த எழுத்தைச் சிப் சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. அதனால் அந்த வழியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே போல, பைத்தான் லைப்ரரிகளில் 'புல்-அப்' என்று ஒரு பாராமீட்டர் இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். சில லைப்ரரிகள் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், பேடுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. லிப்ஜிபிஐஓடி என்ற ஜிபிஐஓ லைப்ரரியில் புல்-அப், புல்-டவுனைத் தேர்ந்தெடுக்கும் பயாஸ் என்ற வசதி உண்டு (கணினியின் பூட் பயாஸ் வேறு), கெர்னல் 5.5 இலிருந்து அதற்கு இடம் செய்யப்பட்டது. ஆனால் அது பேட் வரை போய்ச் சேர வேண்டுமென்றால் ஜிபிஐஓ டிரைவரும் பின்கண்ட்ரோல் டிரைவரும் டிவைஸ் ட்ரீயும் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஒத்துழைக்க வேண்டும். உங்கள் இமேஜில் அது நடக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டாம்: பயாஸ் கொடுத்து லைனைத் திறந்து வைத்துக்கொண்டே இன்னொரு டெர்மினலில் அந்த 'பின்ஸ்' கோப்பைப் படியுங்கள். 27 என்பது 37 ஆகியிருந்தால் சரி. ஆகவில்லையென்றால் அந்த வழி உங்கள் கெர்னலில் இல்லை.

மென்பொருளை விட்டுச் சற்று கைவேலைக்கு வருவோம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பி9_1 இல், அது கிரவுண்ட். சிவப்பு முனை பி9_23 இல். சுவிட்சின் வயரை முழுதாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள். புல்-டவுன் இருந்தால் மீட்டர் 0 க்குப் பக்கத்தில் நிற்கும், புல்-அப் இருந்தால் 3.3 க்குப் பக்கத்தில். பி9_12 இலும் இதையே செய்து பாருங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள். அடுத்து ஒரு 1 கிலோ-ஓம் ரெசிஸ்டரை எடுத்து ஒரு முனையைப் பி9_3 இல் (அது 3.3 வோல்ட்), மறுமுனையைப் பி9_23 இல் தொடுங்கள். மீட்டர் 3 ஐத் தாண்டும். அந்த நேரத்தில் லைனைப் படித்தால் 1 வர வேண்டும். வந்தால் பின்னும் பஃபரும் ஜிபிஐஓ மாட்யூலும் உயிரோடு இருக்கின்றன, பின் எரிந்துவிட்டதோ என்ற கவலையை அங்கேயே விட்டுவிடலாம். மீட்டரில் 3 வோல்ட் நின்றும் படிப்பு 0 என்றால், ஒன்று பஃபர் அடைபட்டிருக்கிறது, அல்லது மோட் 7 இல்லை, அல்லது நீங்கள் வேறு ஒரு லைனைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக வயரால் தொட வேண்டாம். அந்தப் பின் எங்காவது அவுட்புட்டாக அமைந்திருந்தால் அப்போதுதான் உண்மையிலேயே எரியும்.

அந்தக் கடைசிச் சாத்தியம், வேறு லைனைப் படிப்பது, நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஹெடரை எண்ணுவதிலேயே பிசகலாம்: ஈதர்நெட் சாக்கெட் மேலே இருக்குமாறு போர்டைப் பிடித்தால் இடது பக்கம் பி9, வலது பக்கம் பி8. 1 ஆம் 2 ஆம் பின்கள் மேலே, ஒற்றைப்படை ஒரு வரிசை, இரட்டைப்படை இன்னொரு வரிசை. அடுத்து எண். பழைய முறையில் பேங்க் எண்ணை 32 ஆல் பெருக்கி லைனைக் கூட்டுவோம், பி9_23 க்கு 32 உம் 17 உம் சேர்ந்து 49. பல வழிகாட்டிகளில் இந்த எண்தான் இருக்கிறது. சில புதிய கெர்னல்களில் இந்த எண்ணிக்கை 512 இலிருந்து தொடங்குகிறது, 49 என்று ஒன்றே இருக்காது. ஜிபிஐஓசிப் 0, 1, 2, 3 என்ற வரிசையும் பேங்க் வரிசையோடு பொருந்தியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, எந்தப் பேங்க் முதலில் பதிவானதோ அது 0 ஆகிவிடும். அதனால் எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளாமல் ஜிபிஐஓஇன்ஃபோ கட்டளையை ஓட்டி லைனின் பெயரைப் பார்த்துப் போங்கள். புதிய டிவைஸ் ட்ரீகளில் பி9_23 என்று லைனுக்குப் பெயரே கொடுத்திருக்கிறார்கள். சிஸ்எஃப்எஸ் வழியை (சிஸ் கோப்புறையில் ஜிபிஐஓ எண்ணை எழுதிப் பயன்படுத்தும் பழைய முறை) இனி புதிதாக ஆரம்பிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2016 இல் கெர்னல் 4.8 வந்தபோதே கேரக்டர் டிவைஸ் (லிப்ஜிபிஐஓடி பயன்படுத்தும் வழி) வந்துவிட்டது, பழையது ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஜிபிஐஓஇன்ஃபோவில் இன்னொன்றும் தெரியும், அந்த லைனை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது. லைனைத் திறக்கும்போது 'பிஸி' என்று வந்தால் பெரும்பாலும் கேப்-யுனிவர்சல் என்ற ஓவர்லேயின் உதவி டிரைவர்தான் பிடித்து வைத்திருக்கும். அது எல்லா ஜிபிஐஓக்களையும் போர்டு எழும்போதே தன் பெயரில் எடுத்து வைத்துக்கொள்கிறது. அதன் நோக்கம் நல்லதுதான், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் மோடை மாற்ற வழி செய்வது. ஆனால் அதையும் லிப்ஜிபிஐஓடியையும் ஒன்றாகப் பயன்படுத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, இனி சரிசெய்வது. மூன்று வழி இருக்கிறது, எது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது.

சோதனைக்கு மட்டும் என்றால், உங்கள் இமேஜில் கேப்-யுனிவர்சல் இருந்தால், கான்ஃபிக்-பின் என்ற கட்டளைக்குப் பின்னின் பெயரையும் 'இன்+' என்பதையும் கொடுங்கள். இன்+ என்றால் புல்-அப்புடன் இன்புட், இன்- என்றால் புல்-டவுனுடன், வெறும் இன் என்றால் புல் இல்லாமல். கொடுத்துவிட்டு 'பின்ஸ்' கோப்பைப் படித்தால் 27 மறைந்து 37 வந்திருக்கும், ரீட் சுவிட்சும் அந்த நொடியிலிருந்து வேலை செய்யும். போர்டை அணைத்து எழுப்பினால் பழையபடி ஆகிவிடும். புதிய இமேஜ்களில் கான்ஃபிக்-பின் இல்லாமலும் இருக்கலாம், அப்போது அடுத்த வழிகள்தான்.

இரண்டாவது வெளி ரெசிஸ்டர். பி9_3 இலிருந்து பி9_23 க்கு ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். ஆனால் மதிப்பைக் கவனித்துப் போடுங்கள். உள்ளே புல்-டவுன் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே நீங்கள் மேலே இழுக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்து வோல்டேஜ் டிவைடர் ஆகிவிடும், அதாவது பின்னில் இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்டேஜ் நிற்கும். இந்தச் சிப்பின் 3.3 வோல்ட் இன்புட்டுகள் 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால்தான் உறுதியாக 1 என்று எடுத்துக்கொள்ளும், 0.8 க்குக் கீழே இருந்தால்தான் உறுதியாக 0. நடுவில் நின்றால் எதுவும் வரலாம். உள் புல் துல்லியமான ரெசிஸ்டர் இல்லை, சிப்புக்குச் சிப், சூட்டுக்குச் சூடு மாறும். 10 கிலோ-ஓம் போட்டால் 2 வோல்ட்டை ஒட்டி வந்து நிற்க வாய்ப்பு இருக்கிறது. 4.7 கிலோ-ஓம் போடுங்கள், அல்லது பேடை 2எஃப் ஆக்கி உள் புல்லை நிறுத்திவிட்டு 10 போடுங்கள். கதவு சுவிட்ச் மாதிரி வயர் நீளமாகப் போகும் இடத்தில், உள் புல்-அப் போதுமானதாக இருந்தாலும், நான் வெளி ரெசிஸ்டரைத்தான் போடச் சொல்வேன். உள் புல்லின் பலம் குறைவு, பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டர், மோட்டார் வயர் எல்லாம் ஓடினால் நீண்ட வயரில் வரும் இரைச்சலை அதனால் அடக்க முடியாது.

மூன்றாவதுதான் நிரந்தரம்: டிவைஸ் ட்ரீ ஓவர்லே. இங்கேதான் அதிகம் பேர் கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓவர்லேயில் இரண்டு துண்டு வேண்டும். ஒன்று பின் குழு: பின்மக்ஸ் முனைக்குள் ஒரு பெயரில் முகவரியும் மதிப்பும். இரண்டாவது, அந்தக் குழுவைப் பயன்படுத்தும் ஒரு டிவைஸ் முனை. நிறையப் பேர் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) பிழையில்லாமல் கம்பைல் செய்யும், யூபூட் (கெர்னலை எழுப்பும் பூட்லோடர்) ஏற்றும், டீமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) ஒரு புகாரும் இருக்காது, பேடில் 27 அப்படியே இருக்கும். ஏனென்றால் கெர்னல் பின் குழுக்களைத் தானாகப் போய் அமைப்பதில்லை; ஒரு டிவைஸ் எழும்போது அதற்கு 'டிஃபால்ட்' நிலையில் எந்தக் குழு வேண்டும் என்று கேட்டு அப்போதுதான் அமைக்கும். யாரும் கேட்காத குழு வெறும் எழுத்தாகவே கிடக்கும். உங்கள் கதவு சுவிட்சுக்கு ஜிபிஐஓ-கீஸ் முனை மிகப் பொருத்தம்: அதில் பின்கண்ட்ரோல் பெயர் 'டிஃபால்ட்', குழுவுக்கு ஒரு சுட்டு, உள்ளே ஒரு கீ, அதற்கு ஜிபிஐஓ 1 ஆம் பேங்க், லைன் 17, ஆக்டிவ் லோ. இதன் பிறகு சுவிட்ச் ஒரு சாதாரண கீபோர்டு கீயாகவே வரும், ஈவிடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை ஓட்டிப் பார்த்தால் கதவு மூடும்போது அழுத்தம், திறக்கும்போது விடுவிப்பு என்று தெரியும்.

முகவரியில் ஒரு பொறி. பின் குழுவில் எண்ணை நேராக எழுதும்போது 844 என்று எழுதக் கூடாது, 44 தான் எழுத வேண்டும், ஏனென்றால் அது ஹெக்ஸ் 800 இலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கணக்கு. ஆனால் கெர்னலோடு வரும் ஐஓபேட் என்ற மேக்ரோவுக்குள் எழுதினால் 844 தான் கொடுக்க வேண்டும், அது தானே கழித்துக்கொள்ளும். இரண்டையும் குழப்பினால் டீமெசேஜில் பின்கண்ட்ரோல்-சிங்கிள் டிரைவர் 'மக்ஸ் ஆஃப்செட் எல்லை தாண்டியது' என்ற பொருளில் ஒரு வரி எழுதும். அந்த வரியைப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதுதான்.

இன்னொரு டீமெசேஜ் வரி: இந்தப் பின்னை ஏற்கெனவே இன்னார் கேட்டு வாங்கிவிட்டார், உனக்குக் கொடுக்க முடியாது என்ற பொருளில் வரும், பிடித்திருப்பவர் பெயரும் அதில் இருக்கும். அந்தப் பெயரில் 'பி9_23 பின்மக்ஸ்' என்பது மாதிரி இருந்தால் அது கேப்-யுனிவர்சலின் வேலை. பூட் கோப்புறையில் இருக்கும் யூஎன்வி கோப்பில் கேப்-யுனிவர்சலை இயக்கும் வரியின் முன்னால் ஒரு ஹாஷ் போட்டு நிறுத்துங்கள், அல்லது அதை வைத்துக்கொண்டே உங்கள் ஓவர்லேக்குள் அந்தக் குறிப்பிட்ட பின்மக்ஸ் முனையின் நிலையை 'டிசேபிள்டு' என்று மாற்றிவிடுங்கள். இரண்டாவது வழி நல்லது, மற்றப் பின்கள் பாதிக்கப்படாது. 'பின்ஸ்' கோப்புக்குப் பக்கத்திலேயே 'பின்மக்ஸ்-பின்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது, எந்தப் பேடை எந்த டிவைஸ் வைத்திருக்கிறது என்று அதில் முழுதாகத் தெரியும்.

உங்கள் பிரச்சினை இத்தோடு தீர்ந்துவிடும். ஆனால் நாளைக்கு இன்னும் நான்கைந்து சுவிட்ச் சேர்த்தாலும் சேர்ப்பீர்கள், அதனால் எந்தப் பின்களை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன்.

பி8 இல் 3 முதல் 6 வரையும் 20 முதல் 25 வரையும் போர்டிலிருக்கும் ஈஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்போடு இணைந்தவை. ஈஎம்எம்சியிலிருந்து பூட் செய்துகொண்டே அவற்றை எடுக்க முடியாது. பி8_27 முதல் 46 வரை எச்டிஎம்ஐக்கு, யூஎன்வி கோப்பில் வீடியோ ஓவர்லேயை நிறுத்தினால் கிடைக்கும். ஆனால் அவற்றிலும் 31 முதல் 46 வரை எனக்கு விருப்பமில்லை, குறிப்பாக இன்புட்டுக்கு. அந்த 16 பின்களையும் சிப் எழும் நேரத்தில் படித்துத்தான் எதிலிருந்து பூட் செய்வது என்று முடிவு செய்கிறது. போர்டிலுள்ள பூட் பட்டன் செய்வதே பி8_43 ஐக் கிரவுண்டுக்கு இழுப்பதுதான். உங்கள் கதவு சுவிட்சை அந்த மாதிரி ஒரு பின்னில் போட்டால், கதவு திறந்திருக்கும்போது போர்டு எழும், மூடியிருக்கும்போது எழாமல் போகலாம். மின்சாரம் போய் வந்த பிறகு சில நாள் எழுகிறது சில நாள் எழவில்லை என்ற புகாரை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமை. பி9_19, பி9_20 இரண்டும் கேப் போர்டுகளை (மேலே பொருத்தும் துணை போர்டுகள்) அடையாளம் காணும் ஐ2சி பஸ், தொடாதீர்கள். பி9_41, பி9_42 ஒவ்வொன்றிலும் சிப்பின் இரண்டு பேடுகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன; ஒன்றை இன்புட் புல்-அப் என்று அமைத்துவிட்டு மற்றதை மறந்தால் அது கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் பயன்படுத்தாத பேடை 2எஃப் ஆக்கிவிடுங்கள்.

வோல்டேஜ் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த இன்புட்டுகள் 3.3 வோல்ட், 5 வோல்ட்டைத் தாங்காது. பி9 இலேயே 5 முதல் 8 வரை 5 வோல்ட் பின்கள் இருக்கின்றன, 3.3 க்குப் பக்கத்திலேயே, ஒரு பின் தள்ளிச் செருகினால் போதும். அனலாக் இன்புட்டுகள், அதாவது பி9_33 உம் 35 முதல் 40 வரையும், அதிலும் குறைவு, 1.8 வோல்ட் வரைதான். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: போர்டில் மின்சாரம் இல்லாதபோது இன்புட் பின்களில் வெளியிலிருந்து வோல்டேஜ் வரக் கூடாது. தனி அடாப்டரில் ஓடும் சென்சார் போர்டு 3.3 வோல்ட்டையே தந்தாலும், பீகிள்போன் அணைந்திருக்கும்போது அது பின் வழியாக உள்ளே ஏறும், சிப் போய்விடும். உங்கள் ரீட் சுவிட்ச் கிரவுண்டுக்கு மட்டும் இழுப்பதால் இந்த ஆபத்து இல்லை, அந்த வயரிங்கை மாற்றாதீர்கள். 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் அலாரம் பேனல், பிஎல்சி போன்றவற்றிலிருந்து சிக்னல் எடுப்பதாக இருந்தால் நடுவில் பிசி817 மாதிரி ஒரு ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரண்டு சுற்றுகளையும் பிரித்து வைக்கும் பாகம்) கட்டாயம்.

கடைசியாக, சுவிட்ச் வேலை செய்ய ஆரம்பித்ததும் அடுத்த புகார் ஒருமுறை மூடினால் பலமுறை மூடியதாகக் காட்டுகிறது என்பதாக இருக்கும். ரீட் சுவிட்சின் தகடு மூடும்போது சில தடவை துள்ளும். ஜிபிஐஓ-கீஸ் முனையில் டீபவுன்ஸ் (துள்ளலைப் புறக்கணிப்பது) இடைவெளியை மில்லி விநாடியில் கொடுக்கலாம், கதவுக்கு 20 முதல் 50 வரை தாராளமாகப் போதும். இந்தச் சிப்பின் ஜிபிஐஓ மாட்யூலிலேயே டீபவுன்ஸ் இருக்கிறது, ஆனால் அதன் நேரம் ஒரு பேங்கின் 32 லைன்களுக்கும் பொது, அதிகபட்சம் 8 மில்லி விநாடிக்குச் சற்றுக் கீழே. பி9_12 உம் பி9_23 உம் ஒரே பேங்க் என்பதால் ஒன்றுக்கு மாற்றினால் மற்றதற்கும் மாறும். வயர் நீளம் என்றால் பின்னை ஒட்டி 1 கிலோ-ஓம் தொடராகவும், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபேரட் கெப்பாசிட்டரும் சேர்த்து வையுங்கள், வயரில் ஏறும் சின்னச் சின்ன ஊசிகள் பின்னை எட்டாது. அதையும் பிரெட்போர்டில் விட்டுவிடாமல் சால்டர் செய்துவிடுங்கள், கதவு அடிக்கிற அடியில் ஜம்பர் வயர் தளர்ந்துவிட்டால் மறுபடியும் எப்போதும் 1 என்று வந்து நிற்கும், அப்போது பேட் ரெஜிஸ்டரில் 37 சரியாகவே இருக்கும்.